வெள்ளிக்கிழமைச் சூப்பும் புலாவ் உபின் எரிமலையும்

"இருபத்திரண்டு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன். காத்தோங் கடற்கரையைத் தாண்டி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. இன்னைக்கு என் தம்பி ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா, அந்தத் தீவு வெடிக்கும்னு சொல்றீங்க. வெடிக்க அதுக்கு வேற நாளே கிடைக்கலையா?"

அல்போன்சம்மாள் சொன்னது இவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சொல்லும்போது அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் தலை நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எதிரே நாற்காலியில் லாசரஸ். ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அங்கே அவர் இருமினால் எட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். பஃபலோ ரோட்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் இருமுவதற்கே உத்தரவு கேட்கிற மனிதர்.

"விளையாட்டுக்குச் சொல்லலை அல்போன்சு. பேப்பர் பார்த்தியா? பாலித் தீவுல மலை வெடிச்சு ஊரே சாம்பலாப் போச்சு."

"பாலி எங்க இருக்கு, புலாவ் உபின் எங்க இருக்கு?"

"ரெண்டும் தண்ணிலதானே இருக்கு?"

"சிங்கப்பூர் மட்டும் என்ன, மரத்துலயா தொங்குது?"

லாசரஸ் குரலைத் தாழ்த்தினார். "உபின்ல இருக்கிற கல்லு சாதாரணக் கல்லு இல்ல. நெருப்புல பொறந்த கல்லு."

"கருங்கல்லு. பூமிக்குள்ள தீக்குழம்பாக் கிடந்து, உள்ளேயே ஆறி இறுகினது. கான்வென்ட்ல சிஸ்டர் பெர்னடெட் பிரம்பை வச்சுக்கிட்டுச் சொல்லித் தந்தாங்க. அது அடங்கிப் பல கோடி வருஷம் ஆச்சு."

"பார்த்தியா! எரிமலைன்னு நீயே ஒத்துக்கிட்டே."

மீன் தலை ஒரே வெட்டில் இரண்டானது. லாசரஸ் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவர் பயந்தது எரிமலைக்கு இல்லை. முகைதீனுக்கு.

வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாது என்பது திருச்சபைக் கட்டளை. அல்போன்சம்மாள் வீட்டில் அன்றைக்கு ஆடு என்ற சொல்லே உள்ளே வராது. கருவாடு, முருங்கைக்கீரை, முடிந்தது. லாசரஸ் அதை ஒரு முணுமுணுப்பு இல்லாமல் சாப்பிட்டுக் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்வார். என்ன பக்தி, என்ன பொறுமை என்று தெருவே மெச்சியது. அந்தப் பொறுமைக்குக் காரணம், மதியமே அவர் முகைதீன் கடையின் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டெலும்பை உறிஞ்சி, சூப்பில் ரொட்டியைத் தோய்த்து வயிற்றை நிரப்பிவிட்டு வந்திருப்பார் என்பதுதான். மூன்று வருஷமாக இந்தப் பழக்கம். அவரும் முகைதீனும் அறிவார்கள். மேலே ஆண்டவர் அறிவார். ஆண்டவர் பேசுகிற ஆள் இல்லை. முகைதீன் பேசுகிற ஆள்.

அந்த முகைதீன் போன மாதம் கடையை மூடிவிட்டுக் கல்லுடைக்கிற ஆட்களுக்கு டீக்கடை போடப் போய்விட்டார். எங்கே? புலாவ் உபினுக்கு.

இது வெறும் சூப் விவகாரமாக இருந்தால் லாசரஸ் துணிந்திருப்பார். மே மாதக் கடைசியில் கோயிலில் மாதா சுற்றுப்பிரகாரம். அதில் முன்னால் மாதா கொடியைப் பிடித்து நடக்கிற மரியாதை இந்த வருஷம் அவருக்கு. பத்து வருஷமாக அது மைத்துனன் சவரிமுத்து கையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் சவரிமுத்து ஆட்டுக்கறி வைத்த கறிபஃப் ஒன்றைக் கடித்துவிட்டான். பார்த்தவர் லாசரஸ். சாமியாரிடம் போய்ச் சொன்னவரும் லாசரஸ். கொடி கைமாறிவிட்டது. அதற்காக வெள்ளை கோட்டு தைக்கக் கொடுத்து, தினமும் துடைப்பத்தைப் பிடித்துக் கூடத்தில் நடை பழகிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே சவரிமுத்துதான், "பழசை மறந்துட்டேன் அத்தான், எல்லாரும் சேர்ந்து உபின் போயிட்டு வருவோம்லா" என்று லாரி பேசிவிட்டான்.

ஆகவே எரிமலை. பயந்த ஆண்பிள்ளை புத்தகம் படிக்க ஆரம்பித்தால் ஆபத்து. லாசரஸ் நூல்நிலையத்துக்குப் போய் மூன்று நாள் படித்தார். மலை வெடிப்பதற்கு முன்னால் நாய்கள் ஓயாமல் குரைக்குமாம். பறவைகள் கூட்டமாகக் கிளம்புமாம். காற்றில் கந்தக வாடை வருமாம். அப்புறம் தரை ஆடுமாம். இதையெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஐ! எரிமலை! அப்பா, சனிக்கிழமை வெடிக்குமா?"

வீட்டில் பயந்தது ஒரே ஆள். தான் கட்டின கதையைத் தானே நம்ப ஆரம்பித்திருந்த ஆள்.

"வெடிச்சா வெடிக்கட்டும்," என்றாள் அல்போன்சம்மாள். "கோழிப் பிரட்டலைச் சுட வைக்க அடுப்பு தேட வேணாம்."

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை லாரி வந்தது. இரண்டு குடும்பம், ஆறு பிள்ளைகள், நாலு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் மூன்று, லாசரஸ். பிடோக் தாண்டியதும் கடல் தெரிந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். லாசரஸும் கத்தினார். அது வேறு ராகம்.

சாங்கியில் படகு ஏறியதும் கண்ணை மூடிச் செபமாலையை எடுத்தவர், கரை வரும்வரை திறக்கவில்லை. மணி உருட்டுகிற வேகத்தில் விரலில் புகை வராதது ஆச்சரியம். அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. "அங்க முகைதீன் கடை இருக்கக் கூடாது, மாதாவே! கடை இருந்தா முகைதீன் இருக்கக் கூடாது. முகைதீன் இருந்தா அவனுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது!" மாதாவிடம் இப்படிப் படிப்படியாக இறங்கி வந்து பேரம் பேசியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

படகுத்துறையில் இறங்கி நாலு எட்டு வைத்தார்கள். முதல் கடையே முகைதீன் கடை.

முகைதீன் தோளில் துண்டோடு வெளியே வந்தார். லாசரஸைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. லாசரஸ் கண்ணாலேயே கும்பிட்டார், கெஞ்சினார், காலில் விழுந்தார். முகைதீன் பக்கத்தில் நின்ற அல்போன்சம்மாளைப் பார்த்தார். அவரும் சம்சாரி. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"வாங்க, வாங்க. ஊருக்குப் புதுசா? உங்களையெல்லாம் நான் பார்த்ததே இல்லையே!"

லாசரஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிமிஷம் உயிலில் முகைதீன் பேரை எழுதச் சொன்னால் எழுதியிருப்பார்.

கடைக்கு வெளியே மரத்தடியில் பாய் விரித்தார்கள். முகைதீன் டீ கொண்டுவர ஒவ்வொருவராகக் கேட்டார். "தம்பிக்குப் பால் ஊத்தவா?" என்றார் சவரிமுத்துவிடம். "அக்காவுக்குச் சீனி தூக்கலா, மட்டா?" என்றார் அவன் மனைவி பிலோமினம்மாளிடம். அல்போன்சம்மாளிடம் இஞ்சி போடலாமா என்று கேட்டார். லாசரஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் வந்தது பெரிய கண்ணாடி டம்ளர் ஒன்று. பால் இல்லை, சீனி இல்லை, மிளகு தட்டிப் போட்டது. இப்படி ஒரு கஷாயத்தை டீ என்று குடிக்கிறவர் சிங்கப்பூர் முழுக்க லாசரஸ் ஒருவர்தான்.

அவர் அதை வாங்கி ருசித்துக் குடித்தார். அல்போன்சம்மாள் டம்ளரைப் பார்த்தாள். முகைதீனைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள், இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத குழைவோடு. "ஏதோ கந்தகம்னு சொன்னீங்களே, அது எப்படி நாறும்?"

லாசரஸின் கையில் டம்ளர் நின்றது. "ஏன்?"

"ஒண்ணுமில்ல. மூக்கைப் பிடிக்கிற மாதிரி ஏதோ வாடை வருது."

மலைக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். தீவிலிருந்த நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. மரத்திலிருந்து மைனாக்கள் குபீரென்று கிளம்பின. நாலைந்து கூலிகள் பாதையில் விறுவிறுவென்று இறங்கி ஓடி வந்தார்கள்.

"நாய்," என்றார் லாசரஸ். "பறவை," என்றார்.

"நேரமாச்சுங்க," என்றாள் அல்போன்சம்மாள், அமைதியாக. "சாமியாரும் பக்கத்துல இல்ல. மனசுல ஏதாவது பாரம் இருந்தா இறக்கி வச்சிடுங்க. பாவத்தோட போகக் கூடாது."

டமார்!

தரை ஆடியது. மரத்தில் இருந்த இலை எல்லாம் லாசரஸ் தலைமேல் கொட்டியது. அவர் மண்டி போட்டார். மார்பில் அடித்துக்கொண்டார்.

"என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே! வெள்ளிக்கிழமை! மூணு வருஷமா! முகைதீன் கடை ஆட்டெலும்பு சூப்!"

டமார்!

"தபசுகால நோன்புலயும்! ரெண்டு கிண்ணம்!"

டமார்!

"போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு சூப் மட்டும்தான், எலும்பைத் தொடலை! மாதாவே, நாலாவது வெடி வேணாம், எங்கிட்ட வேற பாவம் இல்ல!"

நாலாவது வெடி வரவில்லை. தீக்குழம்பும் வரவில்லை. லாசரஸ் ஒரு கண்ணைத் திறந்தார். தீவு இருந்தது. பாய் இருந்தது. பிலோமினம்மாள் வாய்க்குப் போன கோழித்துண்டு பாதி வழியில் நின்றிருந்தது. ஆறு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். முகைதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நான் காப்பாத்திக் கொடுத்ததை இப்படித் தூக்கிப் போட்டுட்டீங்களே சார்!" என்று புலம்பினார்.

"பன்னிரண்டு அடிச்சு மூணு நிமிஷம்," என்றாள் அல்போன்சம்மாள். "கல்லுக்கு வெடி வைக்கிற நேரம். தினமும் மூணு. படகுக்காரன் வர்ற வழியிலயே சொன்னான். நீங்க கண்ணை மூடிச் செபமாலை உருட்டிட்டிருந்தீங்க."

"அப்ப… உனக்கு எல்லாம் தெரியுமா?"

"வெடி தெரியும். சூப்பு தெரியாது. உங்களைப் பார்த்ததே இல்லைங்கிற மனுஷர், கேக்காமலே மிளகு தட்டிப் போட்ட டீ கொண்டுவந்தாரு. சரி, ஏதோ இருக்கு, மீதியை எரிமலை சொல்லட்டும்னு விட்டேன்."

லாசரஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளிய சொல்லக் கூடாது அல்போன்சு! இரகசியம்!"

"அது சாமியாருக்கு. சம்சாரத்துக்கு அப்படி ஒரு கட்டளை கிடையாது. பத்து வருஷம் கான்வென்ட்ல படிச்சேன், ஒரு சிஸ்டரும் சொல்லித் தரலை."

சவரிமுத்து எழுந்து வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அத்தான்," என்றான் மெதுவாக, "எனக்கு ஒரு கறிபஃப். அதுவும் பாதி." அவ்வளவுதான் சொன்னான். போய்க் கோழிப் பிரட்டலில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் திரும்பும்போது அலை பெரிதாக இருந்தது. லாசரஸ் கண்ணை மூடவில்லை. கடலுக்குப் பயப்பட அவருக்கு நேரமில்லை. படகின் முனையில் சவரிமுத்து, படகுக்காரனின் நீண்ட கழியை வாங்கி இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் உசத்துங்க," என்றாள் பிலோமினம்மாள். "போன வருஷம் கொடியில இருக்கிற மாதா முகம் மரக்கிளையில மாட்டிக்கிச்சு."

"தோளை நிமிர்த்துடா," என்றாள் அல்போன்சம்மாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நானே சாமியார்கிட்டப் பேசுறேன். வெள்ளை கோட்டு ஒண்ணு வீட்டுல தயாரா இருக்கு. இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிக்கணும்."

லாசரஸ் நகர்ந்து நகர்ந்து மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அல்போன்சு. கொடியை அவனே பிடிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை. கொடியோட ரெண்டு ஓரத்துலயும் பட்டுக் கயிறு தொங்குமே, புதுநன்மை வாங்கின சின்னப் பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டுப் போகுமே… அதுல ஒரு கயித்தை மட்டும் எனக்குத் தரச் சொல்லேன்."

எல்லாரும் கழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கக் கயிறுன்னாலும் பரவாயில்ல, அல்போன்சு."