ஆறரை மணிக் காட்சிக்கு இரண்டு டிக்கெட்

அனீஷ் போனில் எடுத்தது இரண்டே இரண்டு டிக்கெட்தான். ஆனால் டிக்கெட் எடுத்த தகவல் அம்மாவின் போனுக்குப் போய்விட்டது. துபாய் நம்பரை டிக்கெட் ஆப் ஏற்கவில்லை என்று, என்றைக்கோ அம்மாவின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தான்.

"ஏலே, ஆறரை மணி ஷோவுக்கு ரெண்டு சீட்டுன்னு வந்திருக்கு. யாருக்குல?" என்று அம்மா ஜெயபாய் அடுக்களையிலிருந்து கத்தினாள். இராஜாக்கமங்கலத்தில் பாதிப் பேருக்கு அது கேட்டிருக்கும்.

அனீஷ் பல்லைக் கடித்தான். கல்யாணமாகி மூன்று வாரம். வருகிற திங்கட்கிழமை அவனுக்குத் துபாய் விமானம். கல்யாணத்துக்கென்று அவன் அறையில் ஏசி மாட்டியதுதான் வினை. மே மாத வெக்கையில் முதல் நாள் மரியாதைக்கு, "நீங்களும் இங்க வந்து படுங்க சித்தப்பா" என்று சொன்னதும் அவன்தான். அன்றிலிருந்து சித்தப்பா, சித்தி, அம்மா, லீவுக்கு வந்த அக்கா, அவளுடைய இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பாய்கள். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி அஞ்சுவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் ஆரல்வாய்மொழிக்கு, அவள் வீட்டு விருந்துக்குப் போனார்கள். அங்கே பதினாறு பேர் இருந்தார்கள்.

"எனக்கும் அஞ்சுக்கும்தான். பேய்ப்படமாக்கும் அம்மா. நீங்க பாத்தா ஒறக்கம் வராது."

அது குடும்பப் படம். ஆனாலும் சித்தப்பா யேசுரத்தினம் துள்ளி எழுந்தார்.

"பேய்ப்படமா? நான் பேயப் பாத்து வருசம் இருவதாச்சு மக்கா. எல்லாரும் கெளம்புங்க!"

"டிக்கெட் தீந்து போச்சு சித்தப்பா."

"தியேட்டர்ல நமக்கு ஆளில்லியா?" சித்தப்பா போனை எடுத்தார். இரண்டே நிமிடம். "ஆறு சீட்டு சொல்லியாச்சு. உனக்கு நேர் பின் வரிசை. பயந்தா தோளத் தட்டுவேன், கேட்டியா?"

'சரி, அவர்கள் வேனில் வரட்டும், நாம் பைக்கில் முன்னாலேயே போய்விடுவோம்' என்று அனீஷ் வண்டியை எடுத்தான். அஞ்சு ஏறுவதற்குள் அக்காவின் மகள் நந்தனா ஏறிவிட்டாள்.

"நான் நடுவுல மாமா."

நாகர்கோவில் வரைக்கும் அஞ்சுவின் கை விழ வேண்டிய தோளில் நந்தனாவின் குச்சி ஐஸ் உருகிக்கொண்டே வந்தது.

தியேட்டர் வாசலில் வேனிலிருந்து இறங்கியதும் ஜெயபாய் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, மீன்கொழம்பு அடுப்புல கெடக்கே!"

"நான் அணைச்சிட்டேனே மாமி," என்றாள் அஞ்சு.

"நீ அணைச்சத நான் பொறவு பத்த வச்சேன் மக்கா. ரெண்டு பேரும் பைக்குல ஓடிப் போயி பாருங்க."

"சித்தப்பா போவட்டுமே!" அனீஷுக்குக் குரலே உடைந்துவிட்டது.

"எனக்குப் பேயப் பாக்கணும்ல?" சித்தப்பா நந்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

"திரும்பி வரண்டாம், கேட்டியா? பாதிப் படம் பாத்து என்ன கெடைக்கப் போவுது?" என்றாள் அம்மா. "நாங்க பரோட்டா தின்னுட்டு பத்தரைக்குத்தான் வருவோம்."

கதவு மூடியது. மூன்று வாரத்தில் அவன் கேட்டது ஒரே ஒரு சாயங்காலம். அதையும் ஒரு மீன்குழம்பு கொண்டு போய்விட்டது.

"அழாதிங்க, எல்லாரும் பாக்காவ," என்றாள் அஞ்சு.

"நான் எங்கட்டி அழுதேன்?"

பைக்கை வெளியே தள்ளும்போது வண்டி நிறுத்துமிடத்துக்காரர் அனில்குமார் டோக்கனை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"யேசுரத்தினம் அண்ணாச்சி வீட்டுப் பையன்தானே நீங்க? ஞாயிற்றுக்கெழம இதே ஆறு பேரும் இதே படத்தப் பாத்துட்டு, 'சனியன் புடிச்ச படம், சும்மா குடுத்தாலும் இனி பாக்க மாட்டோம்'னு ஏசிட்டுப் போனாவளே, இன்னிக்கு என்னத்துக்கு மறுபடியும் வந்திருக்காவ?"