கொசு மருந்து வண்டி

“ஃபெயில்,” என்றார் ஆரோக்கியராஜ்.

தங்கராசு பின்னால் திரும்பிப் பார்த்தார். சிதம்பரத்தில் அந்தப் புகை பரிசோதனை நிலையத்தின் வாசலில் அவரையும் அவருடைய நீல நிற மொபெட்டையும் தவிர வேறு யாரும் இல்லை.

“யாரு வண்டிய சொல்றீங்க?”

“உங்க வண்டியதான். இங்க வேற வண்டி எங்க நிக்குது?”

“நல்லா பாருங்க சார். மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்.”

“மிஷின விடுங்க. சைலன்சர பாருங்க.”

தங்கராசு பார்த்தார். சைலன்சரிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பி, பக்கத்து ஜூஸ் கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் பழத்தை எல்லாம் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

கீரப்பாளையத்தில் உரக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் தங்கராசுவுக்கு அந்த வண்டிதான் உயிர். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத் துடைப்பார். மழை பெய்தால் கொடியில் காயும் துணியை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்க ஓடுவார். நாளையோடு அதற்குப் பதினைந்து வயது முடிகிறது. பதினைந்து வருஷமான வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, புகைச் சான்றிதழ் கொடுத்து, பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக அரசாங்கம் வைத்திருக்கும் ஏற்பாடு அது.

அரசாங்கத்தின் சட்டத்தையாவது அபராதம் கட்டிச் சமாளித்துவிடலாம். அவர் மனைவி வெண்மதி போட்ட சட்டத்தில் அந்த வசதி கிடையாது. “இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள புதுப்பிச்சிக்கிட்டு வந்தா வண்டி இருக்கட்டும் மாமா. இல்லன்னா அக்கா வூட்டுக்காரர் மாதிரி கரண்டு வண்டிதான். கடையில சொல்லி வெச்சிட்டன்,” என்று காலையிலேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள்.

கல்யாணமான மறுநாள் வெண்மதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவந்த வண்டி அது. மகள் சிந்துஜா முன்னால் நின்றுகொண்டு, ஹாரனை அடித்தபடியே முதல் நாள் பள்ளிக்கூடம் போன வண்டி. அது இல்லாமல் வீட்டுக்குப் போவதைத் தங்கராசுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“பெட்ரோல்ல எண்ணெய் எவ்ளோ கலந்தீங்க?” என்று ஆரோக்கியராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“எப்பவும் கலக்கறதுதான். இன்னிக்கி டெஸ்ட்டுக்குப் போவுதேன்னு கொஞ்சம் ஜாஸ்தி.”

“கொஞ்சம்னா?”

“மூணு மடங்கு,” என்றார் தங்கராசு, குரலைத் தாழ்த்தி. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து அனுப்புவது போலத்தான் செய்திருந்தார்.

“அந்த எண்ணெதான் பொகையுது. சரி பண்ணிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜ் வரிசையில் வந்து நின்ற காரைக் கவனிக்கப் போனார்.

அப்போது சத்தமே இல்லாமல் ஒரு மின்சார ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கியவர் சகலை சுப்புராயன், வெண்மதியின் அக்கா கனிமொழியின் கணவர். கடலூர் நீதிமன்றத்தில் எழுத்தர். இந்த நாளைப் பார்ப்பதற்காகவே லீவு போட்டுவிட்டுக் கடலூரிலிருந்து புது வண்டியில் வந்திருந்தார்.

“ரோட்டு முனையில வரும்போதே பொகைய பாத்தன் சகல. எனக்கு என் பழைய வண்டி ஞாபகம் வந்திருச்சி.”

தங்கராசுவுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை.

காரணம் இருக்கிறது. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே பந்தலில்தான் கல்யாணம் நடந்தது. மாமனார் சபாபதி காடாம்புலியூரில் முந்திரி வியாபாரி. ஒரு மருமகனுக்குக் கூட, இன்னொருவருக்குக் குறைய என்று பேச்சு வரக்கூடாதென்று, ஒரே கடையில் ஒரே நீல நிறத்தில் இரண்டு மொபெட் வாங்கி, பதிவும் முடித்து, பந்தல் வாசலில் நிறுத்தியிருந்தார். நம்பர்கூட அடுத்தடுத்த நம்பர். முதல் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பெயின்டர் வந்து, எழுதிக்கொண்டுவந்த நம்பர் பலகைகளை மாட்டிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார். மருமகன்கள் இருவரும் அவரவர் நம்பரைப் பார்த்து அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு இரண்டு வண்டிகளின் தலையெழுத்தும் வேறாகிவிட்டது. தங்கராசுவின் வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. சுப்புராயனின் வண்டி ஒரே வருஷத்தில் புகைய ஆரம்பித்தது. அதற்குக் கொசு மருந்து வண்டி என்று பெயர் வைத்தவரே தங்கராசுதான். காதுகுத்து, வளைகாப்பு என்று எந்த விசேஷத்துக்கு அந்த வண்டி வந்து நின்றாலும், “கொழந்தைங்கள உள்ள கூட்டிட்டுப் போங்க, மருந்தடிக்க வந்துட்டாங்க,” என்பார். பந்தலே சிரிக்கும். சுப்புராயனும் சேர்ந்து சிரிப்பார். அவர் அப்படிப்பட்ட மனுஷர்.

போன மாதம் சுப்புராயன் அந்த வண்டியை முறைப்படி உடைப்பதற்குக் கொடுத்தபோது தங்கராசு கூடவே போயிருந்தார். அங்கிருந்த ஆள் வண்டிக்கு அடியில் குனிந்து சேஸிஸ் நம்பரைத் தேடினான். வண்டியின் சட்டத்தில் கம்பெனியே அடித்து அனுப்பும் நம்பர் அது. எண்ணெயும் சேறும் கெட்டிப்பட்டு ஒன்றும் தெரியவில்லை. “எதுக்குப்பா கையக் கெடுத்துக்கற? நம்பர் பலக இருக்கு, ஆர்.சி. புக்கு இருக்கு, எழுதிக்க,” என்று அவனை அவசரப்படுத்தியவர் தங்கராசு. போகிற வண்டியைக் கடைசியாக ஒரு உதை வேறு விட்டார். அதைப் போட்டோ எடுத்து, ‘பீடை ஒழிந்தது’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

இப்போது அதே சுப்புராயன்தான் யோசனை சொல்ல வேண்டியிருந்தது.

“டேங்க்கக் காலி பண்ணிட்டு சுத்தமான பெட்ரோல் மட்டும் ஊத்துங்க சகல. எண்ணெயே வாணாம். ஒரு ரவுண்டு ஓட்டினா உள்ள இருக்கறது எரிஞ்சிரும்.”

தங்கராசுவுக்கு யோசனை பிடித்திருந்தது. ஆரோக்கியராஜ் காருக்குள் தலையை விட்டிருந்ததால் தடுக்க ஆளில்லை. டேங்க்கைக் காலி செய்து, வெறும் பெட்ரோல் ஊற்றி, வண்டியைக் கிளப்பினார். தெற்கு வீதி வரை புகை குறைந்துகொண்டே வந்தது. மேல வீதியில் புகையே இல்லை. தங்கராசு திரும்பித் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மேல வீதி முடிகிற இடத்தில் வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. பெடலை மிதித்தார். பெடல் அசையவில்லை.

பின்னால் வந்த சுப்புராயன் இறங்கி வந்தார்.

“என்னா சகல?”

“பொகை நின்னிருச்சி.”

“வண்டியும் நின்னிருச்சே.”

எண்ணெய் இல்லாமல் என்ஜின் காய்ந்து இறுகிப்போயிருந்தது. சுப்புராயன் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, ஒரு காலால் மொபெட்டை உதைத்துத் தள்ளிக்கொண்டே, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“எண்ணெயே இல்லாம ஓட்டச் சொன்னது யாரு?”

தங்கராசு சகலையைப் பார்த்தார். சகலை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிளக்கைக் கழற்றி, எண்ணெய் விட்டு, ஊறவைத்து, முன்னும் பின்னும் அசைத்து, மெக்கானிக் மூச்சுப் பிடித்து ஒரு மிதி மிதித்தார். வண்டி இருமிவிட்டு உயிர் பெற்றது. தங்கராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெயைச் சரியான அளவில் கலந்துகொண்டு திரும்பிப் போனபோது ஆரோக்கியராஜ் மிஷினைப் பார்த்துவிட்டு, “பாஸு,” என்று சான்றிதழை நீட்டினார்.

மணி மூன்று. வண்டிப் பதிவு அலுவலகம் ஊருக்கு வெளியே இருந்தது. பாதி வழியில் தங்கராசு திரும்பிப் பார்த்தால் சகலையைக் காணவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். புளியமரத்தடியில் சுப்புராயன் தன் ஸ்கூட்டரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

“சார்ஜ் போயிருச்சி சகல. கடலூர்லேர்ந்து வந்தது, அப்பறம் உங்கள தள்ளினது, எல்லாம் சேந்து இழுத்திருச்சி. நீங்க போங்க. ஆபீஸ மூடிடப் போறாங்க.”

தங்கராசு ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த மனுஷர் லீவு போட்டுவிட்டுக் கேலி பண்ணத்தான் வந்தார். ஆனால் காலையிலிருந்து தள்ளியதும் அவர்தான்.

“உங்க வண்டியிலயே ஏறி உக்காருங்க, நான் தள்றன்,” என்றார்.

அதன் பிறகு அந்தச் சாலையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சட்டம் எந்த வண்டியைக் குறைக்க வந்ததோ அந்த வண்டி, சட்டம் எந்த வண்டியைப் பெருக்க வந்ததோ அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. தங்கராசுவின் வலது கால் சுப்புராயனின் ஸ்கூட்டர் மேல் இருந்தது. முகத்தில் பதினைந்து வருஷப் பெருமை இருந்தது.

அலுவலக வாசலில் சுப்புராயன் இறங்கி, மனதாரச் சொன்னார்: “ஒத்துக்கறன் சகல. வண்டின்னா உங்க வண்டிதான்.”

“வண்டியில என்னா இருக்கு? ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுதான். வெச்சிக்கிறவன் கையிலதான் இருக்கு,” என்றார் தங்கராசு, பெருந்தன்மையாக.

ஆய்வாளர் வண்டியைச் சுற்றிவந்தார். பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், ஒரு வட்டம் ஓட்டியும் பார்த்தார்.

“பதினஞ்சு வருசத்து வண்டின்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. நல்லா வெச்சிருக்கீங்க. சேஸிஸ் நம்பர மட்டும் பென்சில்ல தேச்சி எடுத்து இந்த ஃபாரத்துல ஒட்டிக் குடுத்துருங்க, முடிஞ்சிது.”

தங்கராசு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடி தேய்த்தார். காகிதம்தான் கறுத்தது.

“இங்க நம்பரே இல்லையே,” என்றார் சுப்புராயன் குனிந்து பார்த்து.

“இருக்கும். உள்ள இருக்கும்,” என்றார் தங்கராசு, தயங்கியபடி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் வண்டியின் சட்டம் முழுவதும் ஒரு கை நீலம் அடிப்பது வழக்கம். நம்பர் பதினாலு ஆயுத பூஜைக்கு அடியில் இருந்தது.

வாசலில் இருந்த கடையில் உப்புத்தாள் வாங்கிவந்தார் சுப்புராயன். தேய்க்கிற வேலையையும் அவரே செய்ய வேண்டியதாயிற்று. தங்கராசுவால் அதைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு தேய்ப்புக்கும் தன் தோலே உரிவது போல முகத்தைச் சுளித்தார். கடைசியில் நீலம் போய் இரும்பு தெரிந்தது. எழுத்தும் எண்ணும் பளிச்சென்று வந்தன. பென்சிலால் தேய்த்தபோது ஒரு எண்கூட விடாமல் காகிதத்தில் விழுந்தது. ஃபாரத்தில் ஒட்டி, அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வியிடம் கொடுத்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தங்கராசு வெண்மதிக்குப் போன் போட்டார்.

“முடிஞ்சிருச்சிம்மா. ஆய்வாளரே பாராட்டினாரு. சாயங்காலம் ரெடியா இரு, மூணு பேரும் வண்டியில கோயிலுக்குப் போவலாம்.”

“நெசமாவா மாமா?” வெண்மதியின் குரலிலும் சந்தோஷம் இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அந்த வண்டியின் பின்சீட்டு அவளுக்கும் பதினைந்து வருஷப் பழக்கம். “அப்ப கரண்டு வண்டிக் கடையில வாணாம்னு சொல்லிடட்டா?”

“இப்பவே சொல்லிடு.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஃபாரத்தைப் பார்த்தாள். எழுந்து வெளியே வந்து, வண்டியின் அருகில் குனிந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு நம்பர் பலகையைப் பார்த்தாள். திரும்ப உள்ளே போய் எதையோ தட்டினாள்.

“என்னா சகல, இவ்ளோ நேரம் பாக்குது?” என்றார் சுப்புராயன்.

“இவ்ளோ நல்ல வண்டிய பாத்திருக்காது,” என்றார் தங்கராசு.

தமிழ்ச்செல்வி ஃபாரத்தோடு வெளியே வந்தாள்.

“இங்க சுப்புராயன் யாருங்க?”

“நான்தாம்மா. ஏன், எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லையே?”

“போன மாசம் நீங்க ஒரு வண்டிய ஒடைக்கக் குடுத்தீங்களா?”

“ஆமாம்மா. பழைய மொபெட்டு. இவுருகூட கடைசியா ஒரு ஒத விட்டு அனுப்பிவெச்சாரு.”

தமிழ்ச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுப்புராயனிடம் மெதுவாகச் சொன்னாள்:

“சேஸிஸ் நம்பர்படி அன்னிக்கி ஒடச்சது இவுரு வண்டிங்க, உங்க வண்டியதான் இவுரு பதினஞ்சு வருசமா தொடச்சி வெச்சிருக்காரு.”