‘ம’ இல்லாத லொறி

துடைத்து முடித்துத் துணியைத் திருப்பிப் பார்த்தாள் கம்சலா. ஈரத்துணியில் ஒரு ‘ம’ ஒட்டியிருந்தது.

மேசையில் நின்ற லொறியைப் பார்த்தாள். அதன் கதவில் ‘யிலகலை தோட்டம்’ என்று இருந்தது.

இரண்டு உள்ளங்கைகளை அடுத்தடுத்து வைத்தால் என்ன நீளமோ அந்த நீளத்து லொறி. மயிலகலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற பச்சை லொறியைப் பார்த்து, அவள் புருஷன் திலீபன் நாலு மாதமாகப் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தது. திலீபன் அந்தத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை மாற்றலாகிப் போகிறார். சனிக்கிழமை பிரியாவிடை. ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கிற பரிசு இந்த லொறிதான்.

“ஒரு எழுத்து, ஒரு கோடு பிசகாது. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ புடிச்சா, எது நெசம்னு துரையே நம்மள கேப்பாரு” என்று திலீபன் ஒரு மாதமாக ஆபீசில் சொல்லி வைத்திருந்தான். அந்தப் பேச்சு பதுளை பஜார் வரைக்கும் வந்துவிட்டது. கேக் வாங்க வருகிறவர்கள் கூடக் கம்சலாவிடம், “லொறி முடிஞ்சதா அக்கா?” என்று கேட்டார்கள்.

அன்றைக்குப் புதன்கிழமை. திலீபன் ஒரு நாள் பயிற்சி என்று காலை ரெயிலில் கொழும்புக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை வருவான். லொறி முன்னறை மேசையில் நின்றது. எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் பூத்தது போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. தூசி என்று நினைத்துத்தான் கம்சலா துணியை நனைத்தாள்.

ஆனாலும் அவள் பதறிப்போகவில்லை. பிறந்தநாள் கேக், கலியாணக் கேக் என்று வீட்டிலேயே ஓடர் எடுத்துச் செய்கிறவள். கேக்கின் மேல் சீனித்தாள் படங்களைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒற்றை ‘ம’வை ஒட்டமுடியாதா?

கேக்குக்கு வைத்திருக்கும் மெல்லிய பிரஷை நனைத்து எழுத்தைத் தூக்கினாள். அது ஒருதரம் மடிந்தது. பிரித்துவிடப் போனாள், இன்னொருதரம் மடிந்து எறும்பு போல ஆயிற்று. ஊதிப் பார்த்தாள். காணாமல் போயிற்று.

மேசையில் தேடினாள், தரையில் தேடினாள், சேலை மடிப்பில் தேடினாள். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், அது நெற்றியில், பொட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்தபோது மூன்று துண்டாகக் கையில் வந்தது.

சரி, மறுபக்கக் கதவில் எழுத்து எப்படித்தான் நிற்கிறது என்று பார்ப்போமே என்று லொறியைத் திருப்பி, சுண்டுவிரலால் மெல்லத் தொட்டாள். ‘மயிலகலை’ முழுவதும் ஒரே நழுவலாக நழுவி அவள் விரலோடு வந்துவிட்டது. அந்தப் பக்கம் ‘தோட்டம்’ மட்டும் மிஞ்சியது.

கம்சலா வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அங்கே ஹுமைத் ஸ்டிக்கரும் நம்பர் பிளேட்டும் அடிக்கிற கடை வைத்திருந்தான். திலீபனைப் போல இந்தச் சின்னச் சாமான் பைத்தியம் பிடித்தவர்கள் நாலைந்து பேர் பதுளையில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பெயின்ட், பசை எல்லாம் வரவழைத்துக் கொடுப்பவனும் அவன்தான்.

“அவருகிட்ட மூச்சு விடக்கூடாது” என்று ஆரம்பித்து, நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

ஹுமைத் பொறுமையாகக் கேட்டான். “அதுக்குப் பேரு டெக்கல்க்கா. கடதாசிய தண்ணியில ஊறப் போட்டா எழுத்து மட்டும் ஒரு மெல்லிய தோலோட வழுக்கி வரும். அத வைக்கிற எடம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும். அதுக்குத்தான் முதல்ல கிளியர்னு நிறமில்லாத வார்னிஷ் அடிக்கிறது. அடிக்காம சொரசொரப்பு மேல வெச்சா அடியில காத்து மாட்டிக்கும். புடிமானம் இருக்காது. சுத்தியும் வெள்ளையா தெரியும்.”

“சாம்பல் பூத்த மாதிரியா?”

“அதேதான்.”

“ஐயோ, அப்ப நான் தொடச்சுத்தான் கிளியர் போயிருச்சு.”

“துணியில தொடச்சா அது போகாதேக்கா. அண்ணன் கிளியர் அடிச்சாரா?”

“நல்லா கேட்டீங்க. அவரு அடிக்காம இருப்பாரா? எல்லாம் தெரிஞ்ச மனுசன்.”

ஹுமைத் தட்டில் வரிசையாக இருந்த கிளியர் டின்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தான். பிறகு கிளியர் ஸ்பிரே ஒன்றை எடுத்து நீட்டினான்.

“மெல்லிசா ரெண்டு தரம் அடிங்க. நல்லா காயட்டும். பொறகு புது டெக்கல் ஒட்டலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, மழை ஈரத்துல அடிக்கக் கூடாது.”

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புதன் முழுக்கப் பெய்தது. வியாழக்கிழமை காலையிலும் நமுனுகுல மலை கண்ணில் படவில்லை. கம்சலா பத்து மணி வரைக்கும் வானத்தைப் பார்த்தாள். பிறகு, ஈரம் வெளியேதானே, வீட்டுக்குள் ஏது ஈரம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, லொறியைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு ஸ்பிரேயை அடித்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது அவள் நினைவுக்கு வரவில்லை.

முதலில் லொறி மினுங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மினுக்கம் மங்கி, பாலை ஊற்றியது போல லொறி முழுவதும் வெளுத்தது.

ஹுமைத்துக்குப் போன் எடுத்தாள். “தம்பி, வெள்ளையாயிருச்சு.”

“எது, எழுத்து சுத்தியா?”

“லொறியே.”

“ஈரத்துல அடிச்சிருக்கீங்க. மெல்லிய சூடு காட்டினா தெளியும்க்கா. மெல்லிய சூடு. விளங்குதா?”

மெல்லிய சூடு என்றால் என்னவென்று கேக் போடுகிறவளுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? கேக் அடுப்பை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, லொறியைத் தட்டில் ஏற்றி உள்ளே தள்ளினாள். மூன்று நிமிஷத்தில் வெள்ளை தெளிந்தது. பச்சை நிறம் மழையில் நனைந்த கொழுந்து போலப் பளபளத்தது. கம்சலாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. இன்னும் ஒரு இரண்டு நிமிஷம் இருந்தால் நன்றாகக் காய்ந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

வெளியே எடுத்தபோது லொறியின் இடதுபக்க முன்சக்கரத்துக்கு மேலே இருந்த மூடி இளகித் தொய்ந்திருந்தது. லொறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றுப்போன டயரோடு ஓரங்கட்டி நிறுத்தியது போல நின்றது.

“தோட்டத்து ரோட்டுல ஓடுற லொறி இப்படித்தானே இருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இனி எழுத்து. திலீபனின் மேசை லாச்சியில் மிச்சமாக ஒரு டெக்கல் தாள் இருந்தது. ஆபீஸ் பிரின்டரில் அவனே அடித்தது. இரண்டு கதவுக்கும் பெயர், முன்னுக்கும் பின்னுக்கும் நம்பர், எல்லாம் அதில் இருந்தன. கம்சலா கவனமாக ஒவ்வொன்றாக வெட்டி, கோப்பையில் தண்ணீர் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஊறப் போட்டாள்.

ஒரு நிமிஷத்தில் தண்ணீர் மைத்தண்ணீராயிற்று. கடதாசித் துண்டுகள் வெள்ளை வெளேரென்று மிதந்தன.

“அக்கா, சாதாரண பிரின்டர்ல அடிச்ச தாளுக்கும் மேல கிளியர் அடிச்சு காய வெச்சுத்தான் தண்ணியில போடணும்” என்றான் ஹுமைத் போனில். “இல்லாட்டி மை கரைஞ்சிரும்.”

“தாளுக்குமா? நேத்து சொல்லலியே நீங்க?”

“ஒட்டின தாளுக்கு அடிச்சவரு, மிச்சத் தாளுக்கும் அடிச்சு வெச்சிருப்பாருன்னு நெனச்சேன்.”

“புதுசா அடிச்சுத் தாங்களேன்.”

“டெக்கல் தாள் முடிஞ்சிருச்சுக்கா. கொழும்புல இருந்து வரணும். திங்கக்கெழமை ஆகும்.”

சனிக்கிழமை பிரியாவிடை. கம்சலா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரில் மிதந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தாள். நாலு மாதமாகத் திலீபன் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட எங்கேயும் போகாமல், கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. ஆபீசில் அத்தனை பேர் முன்னால் அவன் என்ன சொல்லி நிற்பான்?

எழும்பிப் போய்ப் பெயின்ட் போத்தலைத் திறந்தாள். இனித் தாளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பதுளையில் முக்கால்வாசிக் கேக்குகளில் பெயர் எழுதியது இந்தக் கைதான்.

எழுதினாள். மிச்சமிருந்த பழைய எழுத்துகளை முதலிலேயே சுரண்டி எடுத்திருந்தாள். இரண்டு கதவுகளிலும் பெயர், முன்னும் பின்னும் நம்பர். வெள்ளிக்கிழமை காலை காய்ந்ததும், அதற்கு மேல் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கிளியர் அடித்தாள். நல்ல வெயில் எறித்தது. வெளுக்கவும் இல்லை. நம்பிக்கை வந்து இன்னும் நாலு தரம் அடித்தாள்.

பிறகு தள்ளி நின்று பார்த்தாள்.

ஒவ்வொரு எழுத்தும் வாலைச் சுழித்துக்கொண்டு அழகாக நின்றது. ‘லை’க்கு ஒரு கொடி ஓடியது. ‘ட்’டுக்கு மேல் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில், பழக்கதோஷத்தில், ஒரு குட்டி இதயம் விழுந்திருந்தது. கிளியர் தடித்துப்போய் லொறி பாகு ஊற்றினது போல மினுங்கியது. மெழுகுதிரி ஒன்றைக் குத்தினால் வெட்டிப் பரிமாறலாம்.

கம்சலா பெரிய கேக் பெட்டி ஒன்றை எடுத்து லொறியை மூடினாள்.

பின்னேரம் திலீபன் வந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல் மேசையைத்தான் முதலில் பார்த்தான்.

“லொறி எங்க?”

“உக்காருங்க.”

“என்ன ஆச்சு?”

“கோவிக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க.”

“சொல்லு கம்சலா.”

சொன்னாள். ஈரத்துணியிலிருந்து ஆரம்பித்து, நெற்றியில் ஒட்டிய ‘ம’, நழுவிய பெயர், சோற்று ஆவி, கேக் அடுப்பு, கரைந்த தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். “எல்லாம் நான் கை வெச்சதால வந்தது” என்று முடித்துப் பெட்டியைத் தூக்கினாள்.

திலீபன் குனிந்து பார்த்தான். சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். இதயத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். கம்சலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் துளிகூட இல்லை. நாலு மாதமாக இருந்த சோர்வுகூட இல்லை.

“போனாப் போகுது, விடு” என்றான்.

“என்னங்க சொல்றீங்க?”

“பொருள்தானே. ஒனக்கு ஒண்ணும் ஆகலியே, அதுதான் முக்கியம். கேக் அடுப்புல கைய சுட்டுக்கிட்டியா?”

“இல்ல.” கம்சலா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “நாளைக்கு ஆபீசுல என்ன சொல்வீங்க?”

“உள்ளதச் சொல்றேன். லொறி அச்சு அசலா வந்திருந்திச்சு, வீட்டுல ஒரு விபத்து நடந்து போச்சுன்னு. யாரு என்ன செய்ய முடியும்? துரைக்கு நல்லதா ஒரு சுவர் மணிக்கூடு வாங்கிக் குடுத்தாப் போச்சு.”

“எவ்வளவு பாடுபட்டு ஒட்டினீங்க.”

“ஒட்டினது ஒட்டினதுதான். அதையே நெனச்சுக்கிட்டு இருக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மெல்ல ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான்.

கம்சலா குசினிக்குப் போய் மாவைக் கொட்டினாள். ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் என்றால் அவனுக்கு உயிர். மாவு பிசையும்போது கண்ணீர் தானாக வழிந்தது. போன மாதம் கேக் தட்டு ஒன்றை அவன் கை தவறிப் போட்டு உடைத்ததற்கு, மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாதிருந்தவள் அவள். இந்த மனுசனோ நாலு மாத உழைப்பு போனதற்கு ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கோயிலுக்குப் போய் அவன் பேரில் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ரொட்டிக்குத் தேங்காய்ப்பூவை வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடுதலாகப் போட்டாள்.

முதல் ரொட்டியைத் தட்டில் வைத்து, தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு அவள் முன்னறைக்கு வரவும், வாசல் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது. திலீபன் எழும்புவதற்கு முன் கம்சலாவே போய்த் திறந்தாள்.

பக்கத்து வீட்டு ரிஸ்கா நின்றாள். கையில், முந்தானைக்குள், தடித்த கடுவன் பூனை ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அவள் கம்சலாவின் தோளுக்கு மேலால் எட்டி, உள்ளே இருந்த திலீபனைப் பார்த்துச் சொன்னாள்:

“கோவிச்சுக்காதீங்க அண்ணே, எழுத்து வெளுத்துப்போன லொறிய பூனை தள்ளி உடைக்கட்டும்னு நீங்க சொல்லிட்டுப் போனபடி மூணு நாளும் இவனத் தூக்கிட்டு வந்து பார்த்தேன், அக்கா ஒண்ணு மேசைய விட்டு எழும்புறாங்க இல்ல, இல்லாட்டி வீட்டப் பூட்டிட்டுப் போயிடுறாங்க, இப்பவாச்சும் விடவா?”