வாத்துக்குட்டி என்றொரு வைஃபை

ராயபுரம்

கர்த்தருக்குள் அன்பான தேவப்பிரியம் அத்தானுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் எபினேசர் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு நான் மட்டும் சுகம். அங்கு பெரம்பூரில் தாங்களும், நேற்று பெட்டியோடு வந்திறங்கிய ரேச்சலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அவள் காரணம் சொல்லியிருக்க மாட்டாள். ஃபோனில் சொல்ல எனக்கும் வெட்கம். அதனால்தான் கடிதம்.

கப்பல்களுக்கெல்லாம் பூட்டும் சங்கிலியும் விற்கிற நான், சொந்த வீட்டு வைஃபையைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து போட்டிருந்தேன். தெருவே அதில் படம் பார்த்தது. முந்தாநாள் ரேச்சல் வீடியோவில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்தும்போது, "ஸ்தோத்" என்று திறந்த வாய் திறந்தபடியே உறைந்து நின்றுவிட்டது. அந்த வேகத்தில் நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். என்கிரிப்ஷன் என்று ஒன்றைப் போட்டால், காற்றில் போகிறதை வேறு யாரும் படிக்க முடியாதபடி ரவுட்டர் புரட்டிப் போட்டுவிடுமாம். திரையில் மேல் கட்டத்தில் எல்லோருக்கும் தெரிகிற வைஃபை பெயர், கீழ்க் கட்டத்தில் யாருக்கும் தெரியாத வார்த்தை என்றாள் ஃபோனை எடுத்த பெண். எல்லாம் புரிந்த மாதிரி பாதியிலேயே ஃபோனை வைத்துவிட்டு, தவறுதலாக மேலே ரகசியத்தையும் கீழே என் பெயரையும் அடித்துத் தொலைத்தேன். ரகசியம் வேறொன்றுமில்லை, கல்யாணமான புதிதில் ரேச்சலை நான் கூப்பிட்ட பெயர். வாத்துக்குட்டி.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் லட்சுமணன் வந்து நின்றார்.

"இன்னா நைனா, உன் நெட்டைக் காணோம். வாத்துக்குட்டின்னு ஒண்ணு குந்திகினு பாஸ்வேர்டு கேக்குது. யாருது அது?"

தெரியாது என்றேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன் கழுவியபடியே, "ரேச்சலக்காவத்தான் இந்த நைனா முன்னெல்லாம் மாடிலேர்ந்து அப்டிக் கூப்டும்" என்றார். லட்சுமணன் ஃபோனில் எதையோ அடித்தார்.

"தொறந்துகிச்சு நைனா. வாத்துக்குட்டி யாருதுன்னு ரோசிச்சேன், உன் பேரைப் போட்டேன்."

காய்கறிப் பையோடு வந்த ரேச்சல் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சபைப் பெண்கள் சங்கச் செயலாளர், அத்தான். சாப்பாட்டில் கேட்காமலே இரண்டு துண்டு மீன் அதிகம் வைத்தாள். கோபத்தின் உச்சம் இதுதான் என்று நடுங்கிப் போனேன். மறுநாள் விடிந்ததும் அந்தப் பெயரை அழித்து, எபினேசர் ஸ்டோர்ஸ் என்று மாற்றி, என் வாயிலேயே நுழையாத ஒரு வார்த்தையால் பூட்டினேன். ரேச்சல் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்தாள்.

தவறுதலாகப் போட்டது என்று தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். என் உயிருள்ளவரை அந்தப் பெயரை வாயாலும் விரலாலும் தொடமாட்டேன். தங்கள் வீட்டில் சமாதானமும் என் வீட்டில் சமையலும் நிலைக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
எபினேசர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ரேச்சலே ஃபோனில் வந்தாள். "அதை ஏன் அழிச்சீங்க? இத்தனை வருஷம் கழிச்சு, தெருவே பாக்கற மாதிரி எழுதிப் போட்டிருக்காருன்னு சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். விடிஞ்சு பாத்தா கடைப் பேரு நிக்குது" என்றாள். பழைய பெயரை உடனே ஏற்றிவிட்டேன். தங்களுக்குக் கடிதம் எழுதியதையும் உளறிவிட்டேன். அது வந்ததும் தாங்கள் அவள் கேட்கச் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். ஆகவே அத்தான், மேலே 'தவறுதலாக' என்று வருகிற இடத்திலெல்லாம் 'ஆசையாக' என்று வாசித்துவிடுங்கள்.