சிலிகான் பட்டைக்கும் ஆயுத பூசை

ஒழுங்கில்லாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வருவதில்லை. அவர்கள் தொடங்கும் தப்பு பாதியிலேயே நின்றுவிடும். சாவி கிடைக்காது, இல்லாவிட்டால் தேதி மறந்துபோகும். பட்டியல் போட்டு, கோடு கிழித்து, ஒவ்வொன்றாகச் சரி பார்த்து வேலை செய்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். நாங்கள் ஒரு தப்பைத் தொடங்கினால் அதைக் குறையில்லாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். இதை என் டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஆள்குறைப்பில் என் மேசை போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் அழகு நிலையம் வைத்திருக்கும் ராணி அக்காதான் வழி சொன்னார்.

"லேஷ் லிஃப்ட் படிச்சிட்டு வாம்மா. உன் கை நடுங்காது, உனக்குப் பொறுமையும் இருக்கு. சன்னல் ஓரத்து இடம் உனக்குத்தான். ஆனா சர்டிபிகேட் வேணும். மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பேன், இன்னொரு பொண்ணும் கேக்குது."

லேஷ் லிஃப்ட் என்றால், சோம்பிக் கிடக்கும் இமைமுடியை மருந்து போட்டு மேல்நோக்கி வளைத்து நிறுத்தி, அதற்குக் கறுப்புச் சாயமும் ஏற்றிவிடுவது. ஆறு வாரம் நிற்கும். (பேருந்து நம்பரையே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வயதில், அடுத்தவர் கண்முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும் வேலை.)

ஓர் இமைமுடியின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதை நிமிர்த்தத் தேவைப்படும் சாமான்களோ ஒரு வேனை நிரப்பும். பயிற்சி கொடுத்த மிஸ் லிம் முதல் நாளே பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார். படுக்கைக் கட்டில், பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, சக்கரம் வைத்த தட்டு மேசை. இமைமேல் ஒட்டும் சிலிகான் பட்டைகள் ஐந்து அளவில், அளவுக்கு ஒரு ஜோடி. பட்டையை ஒட்ட ஒரு பசை, முடியை அதன்மேல் ஏற்றிச் சீவ ஒரு குட்டிச் சீப்பு. முடியை இளக்க ஒன்றாம் நம்பர் மருந்து, இளகியதை நிறுத்திவைக்க இரண்டாம் நம்பர் மருந்து. சாயம், சாயத்தைக் கலக்கக் கண்ணாடிக் கிண்ணம், நேரம் பார்க்க ஒரு டைமர்.

பட்டியலில் முப்பத்தொரு பொருள் இருந்தது. நான் அதை நாற்பத்து மூன்றாக்கினேன். டைமர் நின்றுவிட்டால் இன்னொரு டைமர்; அதற்கு பேட்டரி; அந்த பேட்டரி தீர்ந்தால் வேறு பேட்டரி. ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டி, எண்களை ஒரு தாளில் அடித்து, தாளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டேன். "நீ கண்ணுக்கு முடி நிமித்தப் போறியா, கப்பல்ல சரக்கு ஏத்தப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அவர் ஏர்கோன் பழுது பார்ப்பவர். எங்கள் வீட்டில் ஆயுத பூசை பெரிய விசேஷம். அவருடைய ஸ்பேனர், ஏணி, வேன் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். அந்த வருடம் என் பரீட்சை சரியாக விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு விழுந்தது. புதுத் தொழில், நல்ல நாள்! இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது என்று டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"உன் சாமானையும் கொண்டாந்து வை," என்றார் அவர். "எல்லாத்துக்கும் பொட்டு வை. ஒன்னை விட்டாலும் அது கோவிச்சுக்கும்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. குங்குமம் கறை படியும், பரீட்சையில் அசிங்கமாகத் தெரியும். ஆகவே குங்குமம் வேண்டாம், மஞ்சளும் சந்தனமும் குழைத்துத் துளித் துளியாக வைக்கலாம். மஞ்சள் கிருமிநாசினியும்கூட. வெளியே தெரியாமல் இருக்க, பொருளின் உள்பக்கத்தில் வைக்கலாம். அப்படியே நாற்பத்து மூன்றுக்கும் வைத்தேன். வைத்த ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு சரி. பூசையும் ஆயிற்று, சரிபார்ப்பும் ஆயிற்று.

சிலிகான் பட்டைக்கு எது உள்பக்கம் என்று கேட்கிறீர்களா? கண்ணிமைத் தோலில் ஒட்டுகிற பக்கம்.

கிருமி நீக்கம் செய்யாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்துப் பட்டைகளையும் மருந்து நீரில் ஊறவைத்துத் துடைத்துத்தான் எடுத்தேன். என் வேலைத் திட்டத்தில் 'கிருமி நீக்கம்' ஐந்தாவது, 'பூசை' ஆறாவது. ஐந்து முடிந்தபிறகுதானே ஆறு?

மறுநாள் காலை சாமி மேடையிலிருந்து சின்னச் சாமான்களை எடுத்து, பொட்டைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தேன். (பூசைப் பொட்டைத் துடைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.) பரீட்சையில் இமையில் செய்துகாட்டச் சொந்தமாக ஒரு ஆளைக் கூட்டிப்போக வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை பரமேஸ் ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. வாயை மட்டும் எப்போதும் மூட மாட்டாள்.

"அண்ணி, எனக்கு கண்ணு ரெண்டுதான் இருக்கு. பாத்து செய்யுங்க லா."

"நாற்பத்து மூணு சாமான் வச்சிருக்கேன், பயப்படாத."

பரீட்சை அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்றிலும் மூன்று பெண்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மிஸ் லிம் கையில் மதிப்பெண் அட்டையுடன் நடந்துகொண்டிருந்தார். என் மேசைக்கு முன் நின்று, பிளாஸ்டிக் உறை போட்ட தாளைப் பார்த்து, "வெரி நீட்," என்றார். என் வாழ்க்கையில் அவர் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அதுவாகவே இருந்திருக்கும்.

பரமேஸின் இமையைத் துடைத்தேன். பட்டையின் அடியில் பசை தடவினேன். பசை லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. பழைய பசையாக இருக்கும் என்று நினைத்து, கடைக்காரருக்குப் புகார் எழுத வேண்டும் என மனதில் குறித்துக்கொண்டேன். பட்டையை இமையில் ஒட்டி, முடியைச் சீவி ஏற்றி, அடிமுடியில் ஒன்றாம் நம்பர் மருந்தைத் தடவி, டைமரை எட்டு நிமிடத்துக்கு வைத்தேன்.

மூன்றாவது நிமிடம் பரமேஸின் இரண்டு இமையோரத்திலும் ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கோடு தடித்தது.

மிஸ் லிம் அதை எனக்குப் பின்னால் இருந்து பார்த்தார்.

"ஐயோ! பிளட்! ஒய் காட் பிளட்?"

"ரத்தமா?" பரமேஸ் படுத்தபடியே கத்தினாள். "யாரு ரத்தம்? அண்ணி, உண்மையைச் சொல்லுங்க, என் கண்ணு இருக்கா?"

மற்ற மூன்று கட்டில்களிலும் இருந்த பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். பட்டை ஒட்டியிருந்ததால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு வாசலைத் தேடிப்போய் அலமாரிக்குள் நுழைந்தாள். இன்னொருத்தி மிஸ் லிம்மின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்றாவது பெண் மோதியதில் என் தட்டு மேசை உருண்டு, கறுப்புச் சாயம் கிண்ணத்தோடு மிஸ் லிம் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் கவிழ்ந்தது. (கிண்ணம் உடையவில்லை. அதன் எண் பத்தொன்பது.)

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பாகும். கல்யாண வீடுகளில் எத்தனை ஆலத்தி கரைத்திருக்கிறேன்! மஞ்சள் பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டால் சிவக்கும் என்பது தமிழ் வீட்டில் துணி துவைத்த எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் நம்பர் மருந்தும் அந்தச் சாதிதான். நான் பரமேஸின் கண்ணிலேயே ஆலத்தி கரைத்திருக்கிறேன்.

"நோ பிளட், மிஸ்!" என்றேன். "குன்யிட்!" மஞ்சளை மலாயில் சொன்னால் புரியும் என்று.

மிஸ் லிம் என் பக்கம் திரும்பினார். "குன்யிட்? கறி குன்யிட்? யூ புட் கறி ஆன் தி ஐ?"

"நோ கறி, மிஸ். பிரேயர்."

"யூ பிரே இன்சைட் தி ஐ?"

அவரே குனிந்து பட்டைகளைப் பிடுங்கி, உப்பு நீரால் பரமேஸின் இமைகளைக் கழுவினார். கழுவக் கழுவச் சிவப்பு போய் மஞ்சள் வந்தது. "நவ் யெல்லோ! ஒய் யெல்லோ?" என்று என்னைப் பார்த்தார்.

பரமேஸின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மதிப்பெண் அட்டையில் தோல்வி. காரணம் எழுதும் கட்டத்தில் மிஸ் லிம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: வாடிக்கையாளரின் கண்ணில் உணவுப் பொருள். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பரீட்சை மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு என்றார்.

சாமான்களே என் வீட்டுக்காரரின் வேனை நிரப்பிவிட்டதால் நாங்கள் ரயில் ஏறினோம். கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் பரமேஸ் மஞ்சள் இமைகளோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண் முடி பாதி மேலே, பாதி பக்கவாட்டில். எதிரே இருந்த ஆன்டி நெடுநேரம் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"காமாலையாம்மா? கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடி. எங்க வீட்டு அங்கிளுக்கு அப்படித்தான் போச்சு."

"காமாலை இல்ல ஆன்டி," என்றாள் பரமேஸ். "ஆயுத பூசை."

எனக்கு அழுகைதான் வந்தது. சன்னல் ஓரத்து இடம் என் கண்முன்னாலேயே இன்னொரு பெண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வயதில் மறுபடி எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்பேன்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை பரமேஸ் பார்த்துவிட்டாள்.

"அடுத்த பரீட்சைக்கு ஆள் யாரு அண்ணி?"

"யாரு வருவா?"

"நான்தான் வரணும். இந்த வலது கண்ணை இப்படியே விட்டா பிள்ளைங்க பயப்படும். ஆனா ஒன்னு, பூசை கீசைன்னு ஆரம்பிச்சீங்க, எழுந்து போயிடுவேன்."

போனாள். படுத்தாள். என்னுடைய ஒவ்வொரு பட்டையையும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். மிஸ் லிம்மும் மோந்து பார்த்தார். நான் தேறினேன். அன்று சாயங்காலமே ராணி அக்காவின் சன்னல் ஓரத்தில் என் கட்டிலைப் போட்டேன். நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். போன வருடம் கிள்ளானில் என் கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம். மணமக்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். தட்டில் மஞ்சள் தண்ணீர் தயார், சுண்ணாம்பு இல்லை. வெற்றிலை போடுகிறவர் அந்த வீட்டில் ஒருவரும் கிடையாது. நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம்.

"சுண்ணாம்பு எதுக்கு லா?" பரமேஸின் குரல் தெருமுனை வரை கேட்டது. "அண்ணி காருல ஒன்னாம் நம்பர் இருக்கே!"

வாசலே சிரித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். போய் எடுத்து வந்தேன். அளந்துதான் ஊற்றினேன். தண்ணீர் அருமையாகச் சிவந்தது. வாசம் மட்டும் கெட்டுப்போன முட்டை.

"என்ன பெரியம்மா, இப்படி நாறுது?" என்றான் மாப்பிள்ளை.

"உன் திருஷ்டிடா. வாயை மூடிட்டு நில்லு," என்று பரமேஸ் தட்டைச் சுற்றிவிட்டு, பொட்டு வைக்க விரலை உள்ளே விட்டாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நெத்தியில வைக்கக் கூடாது பரமேஸ். புது மருந்து தோல்ல படறதுக்கு முந்தி காதுக்குப் பின்னால ஒரு சொட்டுப் போட்டு ரெண்டு நாள் பாக்கணும்."

"அப்ப இவங்க ரெண்டு பேரும் ரெண்டு நாளு வாசல்லயே நிக்கட்டுமா அண்ணி?"

பொட்டில்லாமலே இருவரும் உள்ளே வந்தார்கள். இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது சேலை எடுக்கத் தயங்கினாலும், பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல இழுத்தாலும், எல்லாரும் கேட்பது இதைத்தான்: "என்ன, காதுக்குப் பின்னால போட்டுப் பாக்கிறியா?"