கரடி வெளியே வரும் நேரம்

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் துணை விதி பதினொன்று, உட்பிரிவு 'ஆ' இப்படிச் சொல்கிறது: "சுற்றுலாவில் பங்கேற்கும் உறுப்பினர் எவரும், செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி பெறாமல் குழுவை விட்டுப் பிரிந்து செல்லுதல் கூடாது." இதை எழுதியவன் நான். செயலாளரும் நான்தான். இவ்வளவு தெளிவான வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாத மனிதர் ஆரணி முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவரை நாங்கள் பொட்டலம் என்று அழைத்தோம்.

பொட்டலத்தைப் போல ஊர் சுற்றியவரும் இல்லை, அவரைப் போல எதையும் பார்க்காமல் திரும்பியவரும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் அவர் பதிவறை எழுத்தர். என்னைவிட வயதில் மூத்தவர், பதவியில் இளையவர். வீட்டில் பட்டுத் தறி. தறியில் மிஞ்சும் துண்டு நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பொரி, முறுக்கு, கோப்புக்கான குண்டூசி, தலைவலி மாத்திரை எதுவானாலும் செய்தித்தாளில் மடித்து அந்த நூலால் கட்டிவிடுவார். கல்யாணப் புடவை நூலால் பொட்டுக்கடலை கட்டிய ஒரே அரசு ஊழியர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அது பெரிய குறையில்லை. பெரிய குறை, அவர் எந்த இடத்துக்குள்ளும் நுழைய மாட்டார் என்பது. மலைக்கோயிலுக்குப் போனோம். செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் இறங்கி வருவதற்குள் எந்தச் செருப்பு எந்தக் குடும்பத்துடையது என்று சொல்லும் அளவுக்குத் தேர்ந்திருந்தார். பொருட்காட்சிக்குப் போனோம். வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இவர் கிழித்துக்கொண்டிருந்தார். நான் அதிர்ந்துபோய், அதிகாரம் இல்லாதவர் கிழித்த டிக்கெட் செல்லுமா என்று யோசிப்பதற்குள் என் டிக்கெட்டையும் கிழித்துவிட்டார்.

"உள்ள வாங்களேன், அப்படி இன்னா கெட்டுப்போயிடும்?" என்று ஒரு முறை கேட்டேன்.

"உள்ளாற கீறது எங்கியும் போவாது சார். வெளியதான் எல்லாம் நடந்துகினு கீது" என்றார். இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடை விடுமுறைக்கு, சென்னைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தேன். தங்குவதற்கு அருகிலேயே ஒரு கல்யாண மண்டபம். மூன்று பிரதிகளில் பயணத் திட்டம். ஒரு நாளைக்கு மூன்று வேளை வருகைப் பதிவு. எல்லாவற்றையும் யோசித்திருந்த நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. என் மகளுக்கு இரண்டரை வயது.

பூங்காவில் ஒவ்வொரு விளையாட்டின் முன்பும் ஒரு பலகை. பலகையில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. பாப்பா எல்லாக் கோட்டுக்கும் கீழே இருந்தாள். தட்டச்சர் அம்மாவின் இரட்டைப் பையன்களும் அப்படியே. சிறு குழந்தைகளுக்கு நுழைவு இலவசம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். நுழைந்து என்ன செய்வது என்பதை எங்கும் எழுதவில்லை. வெயிலில் நின்று, மற்றவர்கள் தலைகீழாகத் தொங்கி அலறுவதை மூன்று குழந்தைகளும் வாய் பிளந்து பார்த்தன. பெரியவர்கள் காசு கொடுத்து அலறுவார்கள் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

அப்போதுதான் கரடி வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் பஞ்சுத் தலை, கண்ணாடி உருண்டைக் கண்கள். குழந்தைகளோடு புகைப்படம் எடுத்துக்கொள்வது அதன் பணி. என்னைக் கேட்காமல், பின்பக்கமாக வந்து, பாப்பாவை அப்படியே அள்ளித் தூக்கிவிட்டது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. விழித்தது முதல் தூங்கும்வரை வாய் ஓயாத குழந்தை, உதட்டை மூடிக்கொண்டாள். மதியம் பேசவில்லை. மாலையில் பேசவில்லை. இட்லி கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கேயோ பார்த்தாள்.

"கொழந்தைய வச்சிகினு இந்த மாதிரி எடமெல்லாம் வேணாம்னு தலபாடா அடிச்சிகினேன், கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "ஊருக்கே மெமோ குடுக்கிறவராச்சே. எங்க, இப்ப அவள பேசச் சொல்லி ஒரு ஆர்டர் போடுங்க பாக்கலாம்."

என்னிடம் உத்தரவு எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு எந்த விதியும் ஞாபகம் வரவில்லை. இனி அவள் பேசாமலே இருந்துவிட்டால் என்ற நினைப்பில் இரவெல்லாம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மறுபடியும் பூங்கா. பதினொன்றரைக்கு ஊர் திரும்பும் பேருந்து. பத்தரைக்கு வருகைப் பதிவு எடுத்தேன். மூன்று பேர் குறைந்தார்கள். மூவரும் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள்.

"பாப்பா உங்ககிட்ட இல்லியா?" என்றாள் மனைவி.

"உன்கிட்ட இல்லியா?" என்றேன் நான்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் இரண்டு விநாடி இருக்கும்.

தட்டச்சர் அம்மாதான் சாவகாசமாகச் சொன்னார். "பொட்டலத்தண்ணன் கூட வெளிய போயிருக்குதுங்க சார். என் பசங்கள நான்தான் அனுப்புனேன். பாப்பா அவரு விரல புடிச்சிகினு போச்சு. நீங்க சொல்லித்தான்னு நெனச்சேன்."

வாசலுக்கு ஓடினேன். வெளியே போனால் திரும்ப வருவதற்குக் கையில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமாம். இருபது வருடம் காகிதத்தில் முத்திரை குத்திய என் புறங்கையில், மீசை முளைக்காத காவலாளி ஒரு நீலக் குரங்கைக் குத்தி அனுப்பினான்.

முதலில் இளநீர்க் கடைக்காரரைக் கேட்டேன். "மூணு வாண்டுங்களோட ஒர்த்தரா? காலையிலருந்து இங்கதான் இருந்தாங்க. சீவிப் போட்ட மட்டைய பக்கெட்டுத் தண்ணியில வுட்டு கப்பல் வுட்டுகினு இருந்துதுங்க. எனுக்கே வேலை ஓடல சார், நானும் ரெண்டு வுட்டேன்" என்றார்.

அடுத்தது, பேருந்துகள் திரும்பும் இடம். அங்கே நடத்துநர் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். "ரெட்டைப் பசங்கதானே? ஒருத்தன் 'வா வா வா'ன்றான், இன்னொருத்தன் 'ஓல்டேன்'றான். டிரைவர் அவுனுங்க சொன்னபடியே ரிவர்ஸ் எடுத்தாரு. எனக்கு வேலையே இல்ல." அவர் இதைப் பெருமையாகச் சொன்னார். பால் பல் விழாத இரண்டு பேர் சொல்லி ஒரு முழுப் பேருந்து பின்னால் வந்திருக்கிறது! மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இது அடங்கும் என்று எண்ணியபடி மேலும் ஓடினேன்.

பூங்காவின் பின்பக்கத்தில் பணியாளர்கள் போய்வரும் சிறிய கதவு. எதிரே ஒரு பஞ்சர் கடை. அங்கே நான் கண்ட காட்சிக்கு என்னை எந்தப் பயிற்சி வகுப்பும் தயார் செய்திருக்கவில்லை.

பெஞ்சின் மேல் கரடியின் தலை இருந்தது. தலை மட்டும். அதன் முன்னால் பிரித்து வைத்த முறுக்குப் பொட்டலம். பக்கத்தில், கழுத்துவரை கரடியாகவும் கழுத்துக்கு மேல் வியர்வையில் குளித்த இளைஞனாகவும் ஒருவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இரட்டையர் அவனுடைய வாலைப் பிடித்து ஆராய்ந்தார்கள். கீழே, பாதியாய் வெட்டிய பீப்பாயில் அழுக்குத் தண்ணீர். கடைக்காரர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்க, குமிழ்கள் பொங்கின. அதன் முன்னால் குந்தியிருந்த பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கரடி சைக்கிளு பஞ்சரு!"

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு வீலும். முள்ளு குத்திட்சி. டூபு மூச்சு வுடுது பாரு. அந்தக் கரடிக்கு உள்ள அண்ணா கீறாரு. அண்ணாவுக்கு வேக்குது" என்று ஒரு நாள் பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்தாள்.

கரடி எழுந்து கும்பிட்டது. "சாரி சார், நேத்து பாப்பா பயந்துட்சின்னு அண்ணன் சொன்னாரு. நமக்குத் தெள்ளாரு பக்கம்தான். நீங்க ஆரணின்னு தெரிஞ்சிருந்தா தூக்கியிருக்கவே மாட்டேன்."

எனக்குக் கோபம் அப்போதுதான் திரும்பி வந்தது. "யாரைக் கேட்டு கொழந்தைங்களக் கூட்டிகினு வந்தீங்க?" என்று, பெஞ்சின் ஓரத்தில் நின்றிருந்த பொட்டலத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் பதறவில்லை. "நேத்து முழுக்க நான் வெளியதானே சார் நின்னேன். பதினோரு மணிக்குக் கரடி தலையக் கழட்டிட்டு டீ குடிக்க வரும்னு பாத்து வச்சிகினேன். உள்ளாற பாத்து பயந்த கொழந்த, வெளிய பாத்தா சரியாயிடும்னு தோணிச்சி. நடுவுல எளநி, பஸ்சு எல்லாம் சும்மா, நேரம் போவணும்ல?"

"சரி, கெளம்புங்க. பஸ்சுக்கு நேரமாச்சு."

"ஜல்தி பண்ணாதீங்க சார். இன்னும் பின் வீலு கீது."

பேருந்து முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. பின் சக்கரம் முடியும்வரை நானும் அந்தத் தொட்டியருகே குந்தியிருந்தேன் என்பது கோப்பில் இல்லை.

ஆனால் விதி விதிதான். திங்கட்கிழமை அவருக்குக் குறிப்பாணை கொடுத்தேன். அனுமதியின்றிக் குழுவை விட்டுப் பிரிந்தது, மூன்று சிறார்களை அழைத்துச் சென்றது, பேருந்தைத் தாமதப்படுத்தியது ஆகியவற்றுக்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். செய்தி கேட்ட மனைவி, "அந்த மனுசனுக்கா மெமோ குடுத்தீங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு மூன்று நாள் பேசவில்லை. இந்த முறை கரடி நான்.

பொட்டலம் குறிப்பாணையை வாங்கி, படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பதில் தரவில்லை. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன், இரண்டு அனுப்பினேன். அடுத்தடுத்த வருடங்களில் சுற்றுலாப் பட்டியலில் 'வெளியே' என்று ஒரு தனிக் கட்டம் போட்டேன். கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் பெயர்கள் அதில் ஏறின. அவர்கள் ஓர் ஊரில் ரயில்வே கேட்டருகே சரக்கு ரயிலுக்குக் கையசைத்தார்கள். இன்னோர் ஊரில் லாரி கழுவுவதைப் பார்த்துவிட்டு லாரியைவிடச் சுத்தமாகத் திரும்பினார்கள். உள்ளே போன நாங்கள் கருகி வந்தோம்.

இரண்டாயிரத்து இரண்டில் பொட்டலத்தைக் கலசப்பாக்கத்துக்கு மாற்றி ஆணை வந்தது. அந்த வருடச் சுற்றுலாவுக்குப் புதிதாக ஐந்து வாண்டுகள் பெயர் கொடுத்திருந்தன. நான் அன்றே மேலிடத்துக்கு எழுதினேன்: "மேற்படியார் மீது விளக்கம் கோரப்பட்டு நிலுவையில் உள்ளதால், விதிகளின்படி அவரைப் பணிவிடுவிப்புச் செய்ய இயலாத நிலை உள்ளது." மேலிடம் ஏற்றுக்கொண்டது. அப்படி ஒரு விதியே கிடையாது. இல்லாத விதியை என் பணிக்காலத்தில் நான் மேற்கோள் காட்டியது அந்த ஒரு முறைதான். அதைச் செய்த அன்று எனக்கே என்னைப் பார்த்து அதிர்ச்சியாக இருந்தது.

கோப்பை அதன்பிறகு நான் மூடவே இல்லை. ஆனால் அவர் ஓய்வு பெறும்போது அதுவே ஓய்வூதியத்தைத் தடுத்துவிடும். கடைசி வாரத்தில் அவர் மேசைக்கே போய், "ஒரு வரியாவது எழுதிக் குடுங்க" என்று கெஞ்சினேன். குறிப்பாணை கொடுத்தவன் பதிலுக்குக் கெஞ்சுவது நடைமுறையில் இல்லாதது.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஐயா, முன் சக்கரம் முடிந்ததும் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். பாப்பா பின் சக்கரத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு நாள் முழுக்கப் பேசாத குழந்தை வாய் திறந்து கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பேருந்து தாமதமானது அதனால்தான். அப்போது தாங்களும் உடனிருந்ததை இங்கே குறிப்பிட விரும்பவில்லை."

'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஏழு நாள் அவகாசம் கொடுத்த எனக்கு எட்டு வருடமும் போதவில்லை என்று தோன்றியது. பதில் பெறப்பட்ட நாள்: 2006 மே 30, செவ்வாய்க்கிழமை.