பஸ் கூரையில் போன சைக்கிள்

இந்த உலகத்தில் விலைவாசியை எதிர்த்து நின்று ஜெயித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். எப்படி ஜெயித்தார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்தும் எனக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதாவது விளங்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர், கட்டின மனைவி எல்லோரும் டைம் கீப்பர் என்றே கூப்பிட்டதால் அது பயன்படாமலே போய்விட்டது. ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை. இடது கையில் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். எதைச் சொன்னாலும் முதலில் அந்த வாட்ச்சை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். கத்தரிக்காய் சொத்தை என்பதைக்கூட மணி பார்த்துத்தான் சொன்னார்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. அப்போது பெங்களூர் ரோட்டில் நாலு மைல் தள்ளி ஒரு இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். அரிசி, பருப்பு, எண்ணெய், சீமெண்ணெய் என்று எல்லாமே மேலே ஏறிக்கொண்டிருந்தன. என் சம்பளம் ஒன்றுதான் ஏறுவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றது. போன வாரத்து விலைக்குப் புளி கேட்டால் கடைக்காரர் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் அரிசி மலிவு என்பார்கள். அது செக்போஸ்ட்டைத் தாண்டி வராது. வீட்டில் இரண்டு வேளையும் கேழ்வரகுக் களிதான்.

இந்த நிலையில்தான் டைம் கீப்பர் எனக்குத் தன் தத்துவத்தைச் சொன்னார். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, வெல எதுல ஏறுது? காசுல ஏறுது. நாம காசையே எடுக்கலன்னா அது எதுல ஏறும்?"

கேட்கும்போது எனக்கு நன்றாக விளங்கியது. வீட்டுக்கு வந்து மேரியிடம் திருப்பிச் சொல்லும்போது விளங்கவில்லை. மேரி என் மனைவி, சிங்காரப்பேட்டைக்காரி. பாதி சொன்னதுமே, "அந்த மனுசன் கிட்ட போவாதீங்க" என்று முடித்துவிட்டாள்.

காசை எடுக்காமல் எப்படி வாழ்வது? மாற்றிக்கொள்வதுதான். தளி, ஜவளகிரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று அவர் ஸ்டாண்டுக்கு வந்துபோகும் அத்தனை பஸ் கண்டக்டரும் அவருக்கு ஆள். ஒருவரிடம் கன்னடத்தில் சொல்வார், அடுத்தவரிடம் தெலுங்கில் சொல்வார், மூன்றாமவரிடம் தமிழில் சத்தம் போடுவார். சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. இங்கிருந்து ஒரு பொருள் பஸ் கூரையில் ஏறிப் போகும். போன இடத்தில் அது பிடித்துப்போனவர் தன்னிடம் இருப்பதைத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றி விடுவார். எது போகும் என்பது தெரியும். எது வரும் என்பது வந்து இறங்கும்வரை யாருக்கும் தெரியாது, அவருக்கும்.

இதனால் அவர் வீட்டில் மூன்று அம்மி இருந்தன, ஒரு ஆட்டுக்கல் இல்லை. குதிரைக்குப் போடும் கொள்ளுப்பை இருந்தது, குதிரை இல்லை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். இட்லிக்கு அரைக்க எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்குத்தான் வருவார். பாவம், அவரைக் கேட்டால், "எனக்கு எதுவும் தெரியாதும்மா, இன்னும் என்னை மட்டும்தான் பஸ்ஸுல ஏத்தல" என்பார்.

எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. மேரியின் பிறந்த வீட்டிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். கறி வேண்டாம், பாயசம் வேண்டாம், வெறும் ரசம் போதும், ஆனால் இலையில் அரிசிச் சோறு விழ வேண்டும் என்றாள் மேரி. அவள் அக்கா குழந்தைக்கு அப்படித்தான் போட்டார்களாம். தன் குழந்தைக்குக் களி போட்டு ஆட்களை அனுப்பினால் அப்புறம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரை மூட்டை அரிசி வேண்டும். என் வீட்டில் விலைக்குப் போகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று, நான் பட்டறைக்குப் போய்வரும் சைக்கிள்.

திங்கட்கிழமை காலை அதை விற்கத் தள்ளிக்கொண்டு போகும்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் டைம் கீப்பர் பிடித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். மணி பார்த்தார்.

"வித்தா காசு. காச வச்சிகினு நீ கடைக்குப் போறதுக்குள்ள அரிசி இன்னும் ரெண்டு படி ஏறிக்கும். சைக்கிள என்கிட்ட வுடு. ஞாயித்துக்கெழம அரிசி வரும்."

நான் யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் ஜவளகிரி பஸ் கூரையில் படுத்திருந்தது. நான் நாலு மைல் நடந்தேன். அரை மணி தாமதம். மேஸ்திரியிடம் சைக்கிள் ஜவளகிரிக்குப் போயிருக்கிறது என்றேன். அது ஏன் உன்னை விட்டுவிட்டுப் போயிற்று என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜவளகிரியிலிருந்து இரண்டு மூட்டை புளி வந்தது. அங்கே மாடு கன்று நிறைய வைத்திருக்கும் ஒரு விவசாயி சைக்கிளுக்கு ஈடாகக் கொடுத்தது. புளியைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்தது. சைக்கிளைவிடப் புளி அரிசிக்குக் கொஞ்சம் பக்கம் அல்லவா? டைம் கீப்பர் அதைக் கிருஷ்ணகிரிக்கு ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து ஒரு மேஜை ஃபேன் இறங்கியது. பச்சை நிறம், ஒரு இறக்கை நுனி உடைந்தது. அங்கே மண்டி வைத்திருக்கும் பாய் புளியை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்திருக்கிறார். எங்கள் வரிசையில் ஆறு வீடு, ஆறிலும் கரண்ட் கிடையாது. மேரி ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டைம் கீப்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஊத்தங்கரையில் அவருக்குத் தெரிந்த ரைஸ் மில்காரர் ஒருவர் இருக்கிறாராம். மில்லில் கரண்ட் உண்டு, அரிசி உண்டு, அந்த ஊர் வெயிலும் உண்டு. ஃபேன் போனால் அரிசி வராமல் எங்கே போகும்? இது எனக்கு விளங்கியது. அந்த வாரத்தில் விளங்கியது இது ஒன்றுதான். அதனால்தான் அது நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊத்தங்கரை பஸ்ஸில் வந்தது கடலைப் புண்ணாக்கு, ஒரு மூட்டை. இந்தக் காலத்தில் ஃபேனுக்கெல்லாம் அரிசி கட்டாது, புண்ணாக்குதான் கட்டும் என்று மில்காரர் சொல்லியனுப்பினாராம். நான் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். டைம் கீப்பர் முதல் தடவையாக இரண்டு முறை மணி பார்த்தார். பிறகு, புண்ணாக்கு என்றால் மாடு, மாடு என்றால் ஜவளகிரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூட்டையைக் கூரையில் ஏற்றினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜவளகிரி பஸ் வந்தது. கண்டக்டர் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்து ஒரு சைக்கிளை இறக்கினார்.

என் சைக்கிள்.

அந்த விவசாயிக்குச் சைக்கிள் ஓட்ட வரவில்லையாம். இரண்டு தடவை விழுந்துவிட்டு, புண்ணாக்கு வந்ததும் இதைக் கொடுத்துவிட்டார். ஆறு நாளில் புளியாகி, ஃபேனாகி, புண்ணாக்காகி, என் சைக்கிள் என்னிடமே வந்து நிற்கிறது. ஒரு மணி அரிசி இல்லை. மறுநாள் மதியம் முப்பது பேர். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் யார்மேல் கோபப்படுவது? யாரும் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அரிசி மட்டும் இல்லை.

டைம் கீப்பர் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். ஊத்தங்கரைக்குக் கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் கண்டக்டரிடம் போய்த் தெலுங்கில் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். திரும்பி வந்து, "நீ போய் அடுப்புக்கு வெறகு பாரு தம்பி" என்றார். என்னத்தை வேக வைக்க என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. வீட்டில் மேரி இரவு சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி, நாங்கள் கோயிலைவிட்டு வெளியே வருகிறோம். வாசலில் ஊத்தங்கரை முதல் பஸ்ஸின் கண்டக்டர் அரை மூட்டை அரிசியோடு நிற்கிறார். மேரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்த பிறகுதான் நம்பினாள். முப்பது பேர் சாப்பிட்டார்கள். வயிறு நிறைய, இரண்டாம் சோறு மூன்றாம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மேரியின் அக்கா ரசத்தில் மட்டும்தான் குற்றம் சொன்னாள். சைக்கிளும் இருக்கிறது, அரிசியும் வந்தது, அது எப்படி என்று பந்தியில் டைம் கீப்பரிடம் கேட்டேன்.

"சைக்கிளு ஒரு சுத்து சுத்துச்சில்ல? அந்தச் சுத்துல மிஞ்சினது" என்றார்.

மறுபடியும் எனக்கு விளங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி, "இன்னிக்கி அவரை மணி மட்டும் கேக்காதீங்க" என்றார். அது விளங்கவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போகும் வழியில் நன்றி சொல்லலாம் என்று ஸ்டாண்டில் நிறுத்தினேன். தளி பஸ் டிரைவர் மணி கேட்டார். டைம் கீப்பர் இடது கையைத் தூக்கினார், சட்டைக் கையை விலக்கினார், உற்றுப் பார்த்தார், "ஏழு நாப்பது, எடு" என்றார். பஸ் போயிற்று. அவர் பார்த்த இடத்தில் வாட்ச் இல்லை. இத்தனை வருஷம் பட்டை கட்டியிருந்த இடம் வெளுத்து, வளையம் போலத் தெரிந்தது.

"வாட்ச் எங்கணா?"

"தெனம் சாவி குடுக்கணும் அதுக்கு. ஒரு வேல மிச்சம்."

ஊத்தங்கரை கண்டக்டர்தான் உடைத்துச் சொன்னார். ஃபேனுக்குக் கட்டாத அரிசி வாட்ச்சுக்குக் கட்டியிருக்கிறது. சைக்கிளை அவர் பக்கம் தள்ளி, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தனக்கும் ஓட்டத் தெரியாது என்றார். பிறகு, "மாத்துக்கு மாத்து நீயும் ஏதாவது அனுப்புவ. அவசரம் ஒண்ணியும் இல்ல. பஸ்ஸு தெனம் போவுதில்ல" என்றார்.

அதற்கப்புறம் அவர் வெறும் கையைப் பார்த்தே பஸ்களை அனுப்பினார். ஒரு பஸ்ஸும் தாமதமாகப் போனதாக ஞாபகமில்லை. எப்படி என்று தெரியாது.

சில வருஷங்களில் எனக்குக் கிருஷ்ணகிரியில் நல்ல வேலை கிடைத்தது. வீட்டில் கரண்ட் இருந்தது. கைக்குக் கொஞ்சம் காசு வந்ததும் முதல் வேலையாக ஒரு புது வாட்ச் வாங்கி, ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று இரண்டு நாள் பயந்தேன். வாட்ச் வரவில்லை. மூன்றாம் நாள் கூரையிலிருந்து ஒரு மேஜை ஃபேனை இறக்கினார்கள். பச்சை நிறம், ஒரு இறக்கை நுனி உடைந்தது. மில்காரரிடமிருந்து அதை எதைக் கொடுத்து வாங்கினாரோ, அதற்குள் அது எத்தனை ஊர் சுற்றியதோ, தெரியாது.

இன்றும் அது என் கட்டில் பக்கத்தில் ஓடுகிறது. காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். போன மாதம் பழைய பொருளுக்குப் புதுப் பொருள் என்று கூவிக்கொண்டு வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, இதைக் கொடுத்தால் புது ஃபேனே தருகிறேன் என்றான். வாழ்க்கையில் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஒரு தரமாவது மாற்றியிருக்கிறேன் தம்பி, இது ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.